முடிச்சூருக்கு ஒரு கையை எடுத்துக்கொண்டு போனோம்

தங்கை பர்வீனின் நிக்காஹ் ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் முடிச்சூருக்குப் போனது அதற்கு முந்தைய வியாழக்கிழமை. கல்யாண வீட்டில் வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது மணப்பெண்ணையே கூட்டிக்கொண்டு யாராவது பட்டறைக்குப் போவார்களா என்று நீங்கள் கேட்கலாம். அம்மாவும் அதைத்தான் கேட்டார், கொஞ்சம் சத்தமாக.

இந்தப் பக்கத்தைப் புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு தகவல். எனக்குப் பிறக்கும்போதே இடது மணிக்கட்டுக்குக் கீழே கை கிடையாது. இதில் சோகக்கதை எதுவும் இல்லை. தலை பின்னுவது, பரோட்டாவுக்கு மாவு பிசைவது, கூட்டமான பஸ்ஸில் நின்றபடி டிக்கெட் எடுப்பது எல்லாம் எனக்கு வரும். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆசைப்பட்டு ஒரு சிலிக்கோன் கை வாங்கினேன். என் மூன்று மாதச் சம்பளம் போனது. நகம், நரம்பு, விரல் மடிப்பு, என் தோலின் நிறம் எல்லாம் அச்சு அசல். அது எதையும் பிடிக்காது, தூக்காது. தோடு போட்டுக்கொள்வதுபோல அழகுக்காகத்தான் போட்டுக்கொள்கிறேன்.

பிரச்சினை மருதாணியில் ஆரம்பித்தது. எங்கள் வீட்டுக் கல்யாணம் எதுவானாலும் எனக்கு வலது கையில் மட்டும் போட்டுவிடுவார்கள். நான் அதைப் பெரிதாக நினைத்ததில்லை. பர்வீன் நினைத்திருக்கிறாள். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "அக்காவுக்கு ரெண்டு கையிலயும் போடலைன்னா எனக்கும் ஒரு கையிலதான். ஃபோட்டோவுல அப்படியே விழட்டும்."

"மாப்பிள்ளை வீட்ல என்னடி நினைப்பாங்க?" என்றார் அம்மா.

"ஒரு கைக்குத்தான் மருதாணி கிடைச்சுதுன்னு நினைப்பாங்க."

அவள் விளையாடுகிறாள் என்று நினைத்தேன். விளையாடவில்லை. அன்றிலிருந்து என் இடது கை குடும்பப் பிரச்சினை ஆகிவிட்டது.

என்னென்னவோ செய்து பார்த்தோம். மருதாணிக் கோனைப் பிழிந்தால் தோலில்தான் சிவக்கும், சிலிக்கோனில் காய்ந்து பொடிப்பொடியாக உதிர்ந்தது. மார்க்கர் பேனாவால் போட்ட கோடு துண்டு துண்டாகத் திரண்டு, விரலால் தொட்டதும் போனது. துணிக்கு அடிக்கும் பெயின்ட் கொஞ்சம் நம்பிக்கை கொடுத்தது. காய்ந்த பிறகு அதுவும் பாலாடை மாதிரி முழுசாக உரிந்து வந்தது.

பிறகு ஒருநாள் குரோம்பேட்டையில் பாத்திரக் கடையில் ஒரு சிலிக்கோன் கரண்டியைப் பார்த்தேன். கைப்பிடியில் நீலப் பூ அச்சடித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். வரவில்லை. கடைக்காரர் முறைத்ததால் அந்தக் கரண்டியை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, என் கையைச் செய்து கொடுத்தவருக்கு அங்கிருந்தே போன் போட்டேன்.

"அது பிளாஸ்மா ட்ரீட்மென்ட்மா. ஃபேக்டரியில அச்சடிக்கறதுக்கு முன்னாடி பண்ணுவாங்க" என்றவர், குரலைத் தாழ்த்தி, "கையை ஏதாவது பண்ணிட்டீங்கன்னா நான் பொறுப்பில்ல" என்றார்.

இணையத்தில் தேடி நாலைந்து இடங்களுக்குப் பேசினேன். ஒருவர், "ரத்தத்துக்கா மேடம்? அதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்று வைத்துவிட்டார். இன்னொருவர் குறைந்தது ஐயாயிரம் பீஸ் வேண்டும் என்றார். என்னிடம் இருப்பது ஒரு பீஸ். கடைசியாகத்தான் முடிச்சூரில் சின்ன பட்டறை நடத்தும் எஸ்தர் மேடம் கிடைத்தார்.

"என்ன பொருள்?" என்று கேட்டார்.

"கை."

"யாரோட கை?"

"என்னோடதுதான் மேடம். கழட்டலாம்."

அவர் சிரித்த சிரிப்பில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. "வியாழக்கிழமை வாங்க. கை மேல எண்ணெய், க்ரீம் எதுவும் படக்கூடாது. துடைச்சு சுத்தமான காட்டன் துணியில சுத்திக் கொண்டுவாங்க. சாம்பிள் துண்டு இருந்தா அதையும் எடுத்துக்குங்க. முக்கியமா, வரையறவங்களையும் கூட்டிட்டு வாங்க. பண்ணின கையோட வரையணும். வீட்டுக்குப் போயி ஆற அமர வரையலாம்னா வேலைக்கு ஆகாது."

இனி பயணம். பம்மல் பஸ் நிறுத்தத்திலிருந்து பல்லாவரத்துக்கு ஷேர் ஆட்டோ, ஆளுக்கு இருபது ரூபாய். ஒன்பதே காலுக்கு ஏறினோம். கையை மதியச் சாப்பாட்டுப் பையில் நிற்க வைத்திருந்தேன். குழிகளில் ஆட்டோ குலுங்கியதில் துணி விலகி, நான்கு விரல்கள் வெளியே எட்டிப் பார்த்ததை நான் கவனிக்கவில்லை. கண்ணாடியில் ஓட்டுநர் கவனித்துவிட்டார்.

"யக்கா, பையில இன்னா கீது? கை மாதிரி தெரியுதே."

"கைதாண்ணா."

ஆட்டோ தானாகவே மெதுவானது. பர்வீன் முன்னால் குனிந்து, "பயப்படாதீங்கண்ணா, எங்க அக்காவோடதுதான். மருதாணி போட எடுத்துட்டுப் போறோம்" என்றாள்.

அவர் பையைப் பார்த்தார், என் இடது சட்டைக்கையைப் பார்த்தார், பிறகு பெரிதாக மூச்சு விட்டார். "நல்லா செவக்கட்டும்க்கா. ஆனா பேஜார் பண்ணிட்டீங்களே. போலீஸ் ஸ்டேஷனாண்ட வண்டிய வுட்டுடலாமான்னு யோசிச்சிகினு இருந்தேன்."

பல்லாவரம் ஸ்டேஷன் வாசலில் கலைச்செல்வி காத்திருந்தாள். கீழ்க்கட்டளைப் பெண், எங்கள் பக்கத்தில் பாதிக் கல்யாணங்களுக்கு மருதாணி போடுகிறவள். இதற்காக அந்த நாளின் ஒரு வளைகாப்பு வேலையைத் தள்ளிவைத்திருந்தாள். "அதெல்லாம் வருஷத்துக்கு நூறு வரும்க்கா. இது எப்போ வரும்?" என்றாள். வளையக்கூடிய பிரவுன் நிற இங்க், டி-ஷர்ட்டில் அச்சடிக்கப் பயன்படுத்துவது, அதைத் தண்ணீர் கலந்து பதமாக்கி கோன்களில் நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள். ஆறு கோன், ஆறும் வேறு வேறு பிரவுன்.

பல்லாவரத்திலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயிலில் ஐந்து ரூபாய், கால் மணி நேரம்கூட ஆகாது. காலையில் கூட்டம் எல்லாம் எதிர்த்திசையில் பீச் பக்கம் போவதால் மகளிர் பெட்டியில் கால் நீட்டி உட்கார்ந்தோம். மேற்குப் பக்கம் இறங்கினால் முடிச்சூர் சாலைக்கு ஷேர் ஆட்டோ வரிசையாக நிற்கும். ஆளுக்கு முப்பது. ஏறக்குறைய ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் ஏதாவது ஒரு இடத்தில் எப்போதும் சாலையைத் தோண்டிக்கொண்டிருப்பார்கள். அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறை ஒரு அடுக்குமாடி வீட்டின் தரைத்தளம். படியேறித்தான் உள்ளே போக வேண்டும். உள்ளேயும் மெஷின்கள் இடுப்பளவு சிமென்ட் மேடை மேல் இருந்தன. நான் பார்த்ததைக் கவனித்து எஸ்தர் மேடம், "வெள்ளம் வர்ற ஊரு. முடிச்சூர்ல முதல்ல மேடை, அப்புறம்தான் மெஷின்" என்றார். நாற்பதுகளில் இருப்பார். ஒரு பெரிய கம்பெனியில் இஞ்சினியராக இருந்து, வெளியே வந்து சொந்தமாகத் தொடங்கியவர். கார் பாகங்கள், மருத்துவக் குழாய்கள், வாட்ச் ஸ்ட்ராப் எல்லாம் வருகிறதாம். கை இதுதான் முதல் தடவை.

முதலில் சாம்பிள் துண்டு. கை செய்யும்போது நிறம் பார்ப்பதற்காகக் கொடுத்தது, பிஸ்கட் அளவு இருக்கும். மேடம் அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டார். சொட்டு முத்து மாதிரி உருண்டு நின்றது. "பாத்தீங்களா, தண்ணியை இது பக்கத்துலயே சேர்க்க மாட்டேங்குது. இங்க்கும் இப்படித்தான் திரண்டு நிக்கும். அப்புறம் எங்க ஒட்டும்?"

துண்டைத் துடைத்து ஒரு ஸ்டீல் பெட்டிக்குள் வைத்துக் கதவை மூடினார். பெட்டியில் வட்டமாக ஒரு கண்ணாடி ஜன்னல். உள்ளேயிருக்கும் காற்றைப் பம்ப் உறிஞ்சி எடுக்கிறது. மிச்சமிருக்கும் துளிக் காற்றில் மின்சாரம் பாய்கிறது. அப்போது அது ஒளிர ஆரம்பிக்கிறது. அதுதான் பிளாஸ்மா. ட்யூப் லைட்டுக்குள் நடப்பதும் ஏறக்குறைய இதுதான் என்றார். நாங்கள் மூவரும் ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டோம். உள்ளே ரோஜாவும் ஊதாவும் கலந்த ஒரு வெளிச்சம் சத்தமில்லாமல் நிரம்பியது. "பட்டுப்புடவைக் கலரு" என்று கலை முணுமுணுத்தாள்.

ஒரு நிமிஷம்தான். துண்டு வெளியே வந்தது. நிறம் மாறவில்லை, சூடில்லை, தொட்டால் அதே வழவழப்பு. ஏமாற்றமாகக்கூட இருந்தது. மேடம் மறுபடி ஒரு சொட்டு விட்டார். இந்த முறை அது நிற்கவேயில்லை. விழுந்த இடத்தில் அப்படியே படர்ந்து, தட்டையாக, பளபளவென்று ஒட்டிக்கொண்டது. பர்வீன் "அய்யோ!" என்று கத்தியேவிட்டாள்.

இதில் நடப்பது இரண்டு வேலை என்று எனக்குப் புரிந்தது. நம் விரல் பட்ட எண்ணெய், காற்றிலிருந்து படிந்த அழுக்கு, கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலத்தை எல்லாம் பிளாஸ்மா சாப்பிட்டுவிடுகிறது. ஆசிட் இல்லை, தின்னர் இல்லை, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இல்லை, பிறகு கழுவிக் காயவைக்கும் வேலையும் இல்லை. அடுத்தது, பொருளின் மேற்பரப்பில் மட்டும், முடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது, அந்த அளவுக்கு அதன் குணத்தை மாற்றுகிறது. தண்ணீரை விரட்டியது இப்போது தண்ணீரைப் பிடித்துக்கொள்கிறது. அடியில் இருக்கும் பொருள் மாறுவதில்லை, அதே மென்மை, அதே வளைவு. ஆனால் சிலிக்கோனுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. சும்மா விட்டால் கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய குணத்துக்கே திரும்பிவிடும். அதனால்தான் உடனே வரைய வேண்டும்.

கலை அந்தத் துண்டில் ஒரு மாங்காய் போட்டாள். ஹேர் டிரையரில் காயவைத்ததும் மேடம் அதன்மேல் செல்லோடேப்பை அழுத்தி ஒட்டி, சரக்கென்று பிய்த்தார். டேப் சுத்தமாக வந்தது. மாங்காய் இருந்த இடத்திலேயே இருந்தது.

அடுத்து கை. மேடம் உறை போட்ட கைகளால் அதைத் துடைத்து, பெட்டிக்குள் மல்லாக்கப் படுக்க வைத்தார். பம்ப் ஓடத் தொடங்கியது. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சுண்டுவிரல் அசைந்த மாதிரி இருந்தது. கண் ஏமாற்றுகிறது என்று நினைத்தேன். பிறகு மற்ற விரல்களும் மெல்ல விரிந்தன. விரல்கள் உப்பின. உள்ளங்கை பூரி மாதிரி எழும்பியது.

"மேடம், கை பெருசாகுது!"

நான் எப்படிக் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பர்வீன் இன்னும் அதை நடித்துக் காட்டுகிறாள். மேடம் ஒரே எட்டில் வந்து பம்பை நிறுத்தி, காற்றை உள்ளே விட்டார். புஸ்ஸென்று ஒரு சத்தம். அந்தச் சில விநாடிகளில் மூன்று மாதச் சம்பளத்தை நான் நினைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலியான சட்டைக்கையோடு நிற்கப்போகிறேன் என்றும், பர்வீன் அது தன்னால்தான் என்று ஆயுசுக்கும் நினைத்துக்கொள்வாள் என்றும்தான் நினைத்தேன். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கதவைத் திறந்தார். கை பழைய அளவிலேயே கிடந்தது. ஒவ்வொரு விரலையும் அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை.

"தப்பு என்னோடது" என்றார் மேடம். "உள்ள என்ன அடைச்சிருக்காங்கன்னு கேட்டிருக்கணும். ஸ்பாஞ்சு மாதிரி எதுவோ இருக்கு, அதுல காத்து மாட்டிக்கிட்டிருக்கு. வெளியில காத்து இல்லாதப்ப அது உப்பிடுச்சு. நல்லவேளை, கத்துனீங்க."

"அப்போ முடியாதா?" என்று கேட்டது பர்வீன்.

"பெட்டியில முடியாது. அதோ, அதுல முடியும்."

ஓரத்தில் ஒரு பேனா மாதிரி உலோகக் குழாய், வயரோடு தொங்கியது. கார் பம்பர்களுக்குப் பெயின்ட் அடிப்பதற்கு முன்பு பயன்படுத்துவதாம். இதற்குப் பெட்டி வேண்டாம், பம்ப் வேண்டாம், சாதாரணக் காற்றிலேயே நுனியில் பிளாஸ்மா வரும். ஒரே இடத்தில் நிறுத்தினால்தான் சூடு. நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லி, கண்ணாடி மாட்டிக்கொண்டு, புகைபோக்கி விசிறியைப் போட்டுவிட்டு ஆரம்பித்தார். நுனியில் விரல் நகம் அளவுக்கு நீலச் சுடர், தேனீ பறப்பது மாதிரி ஒரு சத்தம். மணிக்கட்டிலிருந்து விரல் நுனி வரை, ஒவ்வொரு விரலையும் சுற்றி, நகக்கண் விடாமல், அவசரமில்லாமல் ஆனால் நிற்காமல் அந்தச் சுடர் போய் வந்தது. என் கையை யாரும் அவ்வளவு கவனமாகத் தொட்டு நான் பார்த்ததில்லை. மேடம் தொடக்கூட இல்லை என்பதுதான் விஷயம்.

முடிந்ததும் கலையிடம் தள்ளினார். "இப்போ உங்க டைம்."

கலை தன் இடது கையை அதன் பக்கத்தில் வைத்தாள். அதில் அவளே முந்தின நாள் போட்டுக்கொண்ட மருதாணி. "புது மருதாணி ஆரஞ்சா இருக்கும், ரெண்டாவது நாள்தான் பிரவுனாகும். அக்காவுக்கு வலது கையில சனிக்கிழமை போட்டா ஞாயித்துக்கிழமை இந்தக் கலருக்கு வந்திருக்கும். அப்போ இதை நான் இப்பவே அந்தக் கலர்ல போடணும்" என்று ஆறு கோனில் நான்காவதை எடுத்தாள். நடு உள்ளங்கையில் தொடங்கி, கொடி, இலை, விரல்களில் வலை என்று ஒன்றரை மணி நேரம் தலை நிமிரவில்லை. ஒரு கோடுகூடத் திரளவில்லை. நடுவில் மேடம் தன் எலுமிச்சை சாதத்தை நான்கு பங்காக்கினார். கலைக்குப் பர்வீன் ஊட்டிவிட்டாள். பட்டறையில் வேலை செய்யும் இருவரும் வந்து எட்டிப் பார்த்து, பம்பரை விட இது நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

சின்ன வேலைக்கான கட்டணம் ஐந்நூறு ரூபாய் வாங்கிக்கொண்டு ரசீதும் கொடுத்தார். பொருள்: இடது கை. எண்ணிக்கை: ஒன்று.

இங்க் முழுசாக இறுகும்வரை, மறுநாள் காலை வரைக்கும் மடக்கக்கூடாது என்பதால், திரும்பும்போது கலை அதைப் பூங்கொத்து மாதிரி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு ரயிலில் உட்கார்ந்தாள். எதிரே இருந்த ஒரு அம்மா முதலில் திடுக்கிட்டு, பிறகு குனிந்து பார்த்து, "யாரும்மா போட்டது? இவ்ளோ நுணுக்கமா இருக்கு" என்றார். சானடோரியம் ஸ்டேஷனுக்கும் பல்லாவரத்துக்கும் நடுவில் கலை இரண்டு கல்யாண ஆர்டர் வாங்கிவிட்டாள்.

நிக்காஹ் அன்று இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு பர்வீன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு இன்னொரு கை வேண்டும் என்று நான் ஏங்கியதில்லை, இப்போதும் இல்லை. ஆனால் அழகு பார்க்க உட்காரும்போது முழுசாக அழகு பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருக்கிறது. அதை மறைக்க மாட்டேன். மாப்பிள்ளையின் சின்னம்மா ஒருவர், விவரம் தெரியாமல், என் இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தார். "இந்தக் கை நல்லா செவந்திருக்கு. உன் வீட்டுக்காரருக்கு உன்மேல ரொம்பப் பிரியம்போல."

"இன்னும் வரலை சின்னம்மா. வந்தா கேட்டுச் சொல்றேன்" என்றேன். பர்வீன் மணப்பெண் என்பதையே மறந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அந்த ஃபோட்டோதான் இப்போது எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது.

போக நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். சிலிக்கோன், பிளாஸ்டிக் டப்பா, பாட்டில் என்று பெயின்ட்டோ பசையோ ஒட்டாமல் அடம்பிடிக்கும் எதையாவது வைத்துக்கொண்டு தவிக்கிறீர்கள் என்றால், வெளியாட்கள் கொண்டுவரும் பொருளுக்கும் பிளாஸ்மா ஜாப் வொர்க் செய்கிறார்களா என்று போனில் கேட்டுவிட்டுப் போங்கள். ஒரு பீஸுக்கும் செய்வார்களா என்பதை முதலிலேயே கேளுங்கள். சோதித்துப் பார்க்க ஒரு துண்டு கட்டாயம் வேண்டும். நேராக உண்மையான பொருளில் கைவைக்காதீர்கள். உள்ளே ஸ்பாஞ்சோ காற்றோ இருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள், நான் சொல்லாமல் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம். பிளாஸ்மா போட்ட இடத்தை விரலால் தொடக்கூடாது. தொட்டால் மறுபடி எண்ணெய்தான். வரைவதோ ஒட்டுவதோ அங்கேயே நடக்கட்டும், அதனால் மதியச் சாப்பாட்டோடு போங்கள். செயற்கைக் கை, கால் வைத்திருப்பவர்கள் அதைச் செய்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்வது நல்லது. மழைக்காலத்தில் முடிச்சூர் போவதென்றால் முதலில் அங்கே இருப்பவருக்கு ஒரு போன் போட்டுத் தெருவில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணம் முடிந்து மூன்றாவது வாரம் ஆபீஸில் கவனித்தேன். வலது கையில் மருதாணி மங்கி, மஞ்சள் திட்டாகி, ஏறக்குறைய போயேவிட்டது. இடது கையில் ஒரு இலைகூட உதிரவில்லை. டீ குடிக்கும்போது பக்கத்து சீட் வனிதா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கே அது நன்றாக இல்லை. சனிக்கிழமை கலைச்செல்வி வீட்டுக்குப் போய் கையை நீட்டினேன்.

"எதுக்குக்கா? அதுதான் சூப்பரா இருக்கே" என்றாள்.

"அது இல்லடி, இது" என்று வலது கையைக் காட்டினேன். "இடது கைக்கு மேட்சா போட்டு விடு."